மரண வீட்டுக்கு வரும் காசு நோயாளி வீட்டுக்கும் வரட்டும்

இலங்கை மலையகத்துக் கோயில் பரிபாலன சபைகளுக்கும், மரண உதவிச் சங்கங்களுக்கும், நகர வர்த்தகர் சங்கங்களுக்கும், கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்து உதவி அனுப்பும் நம் உறவுகளுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இயங்கும் சிறிய நலன்புரிச் சங்கத்தின் பொருளாளர் நான். நோயாளிகளைக் கிளினிக்குக் கூட்டிப் போவது, வழிச் செலவுக்குக் காசு திரட்டுவது, அரசாங்க உதவிக்கான படிவங்களை நிரப்பிக் கொடுப்பது, படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களைப் போய்ப் பார்ப்பது, இவைதான் எங்கள் வேலை. இதே வேலையைச் செய்யும் சங்கங்கள் மஸ்கெலியாவில், தலவாக்கலையில், பண்டாரவளையில், மாத்தளையில் என்று பல இடங்களிலும் இருக்கின்றன. எங்கள் எல்லோருக்கும் காசு வருவது உங்களிடமிருந்துதான். அதனால் உங்களிடமே நேராகக் கேட்கிறேன்.

நீங்கள் தரும் உதவியில் ஒரு பங்கையாவது, மாதம் தவறாமல் வந்து நிற்கும் செலவுக்கென்று ஒதுக்கித் தாருங்கள். ஒரு நோயாளி ஆண்டு முழுவதும் ஆஸ்பத்திரிக்குப் போய் வருவதற்கு, அவருக்குத் துணை போகிறவருக்கு, அந்த வேலையைக் கவனித்துப் பார்க்கும் ஆளுக்கு. கேட்க வந்தது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

தோட்டத்தில் ஒரு மரணம் என்றால் என்ன நடக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். சேதி தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் கடைசி லயத்துக்குப் போய்ச் சேருவதற்குள் கூடாரம் வந்துவிடும், கதிரை வந்துவிடும், சீனியும் பால்மாவும் வந்துவிடும். மரண உதவிச் சங்கத்துக்காரர் காசை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வருவார். கையெழுத்து, ரசீது எல்லாம் பிறகுதான். குழி வெட்டவும் பெட்டி தூக்கவும் யாரையும் போய்க் கூப்பிட வேண்டியதில்லை. அரசாங்கம் நம்மைப் பிரஜை என்றே எண்ணாத காலத்தில், நம் பாட்டன் பூட்டன் தாங்களாகவே கட்டிக்கொண்ட ஏற்பாடு இது. எனக்கு இதில் மிகுந்த பெருமை உண்டு.

அதே வீட்டுக்கு ஓர் ஆண்டு முன்னால் போய்ப் பார்த்தால் நிலைமை வேறு. அப்பாவுக்குச் சீனி வருத்தம், காலில் வந்த புண் ஆறவில்லை. கண்டிக்குப் போகச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு தடவை போனார், மூன்றாவது தடவைக்குக் கையில் காசில்லை. மகளின் தோடு அடகுக் கடையில் இருக்கிறது. அம்மா வேலைக்குப் போனால் அப்பாவைப் பார்க்க ஆளில்லை, போகாவிட்டால் அடுப்பெரியாது. அந்த மாதங்களில் அந்த வீட்டுக்கு எந்தச் சங்கத்திலிருந்தும் ஒரு சதமும் வருவதில்லை. யாருக்கும் கெட்ட மனம் இருந்து அல்ல. அதற்கென்று ஒரு நிதி நம்மிடம் இல்லை. செத்தால் காசு உண்டு, படுத்தால் இல்லை என்பதுதான் இன்றைக்கு நம் தோட்டங்களின் நிலை.

ஆஸ்பத்திரி இலவசம்தானே, பிறகென்ன செலவு என்று நகரத்து நண்பர்கள் கேட்பார்கள். இலவசம்தான். வார்ட்டுக்குக் காசில்லை, ஒப்பரேஷனுக்குக் காசில்லை. இந்த நாட்டில் நமக்குக் கிடைத்த பெரிய பேறுகளில் அது ஒன்று, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். எங்கள் பக்கத்துக்கு டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. இந்திய அரசின் உதவியில் 150 படுக்கைகளோடு கட்டி 2017 மே மாதம் திறந்தார்கள். அங்கே பார்க்க முடியாததைக் கண்டிக்கு அனுப்புவார்கள். பிள்ளைகள் என்றால் பேராதனை சிறுவர் வைத்தியசாலை. புற்றுநோய் என்றால் கண்டி, சிலருக்கு மகரகம வரைக்கும் போக வேண்டிவரும்.

அங்கே போய்ச் சேருவதற்குத்தான் செலவு. மேல் கணக்கு, அதாவது தோட்டத்தின் மேல் டிவிஷன் லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். விடியற்காலையில் அந்தப் பாதையில் வர ஆட்டோக்காரர் கூடுதலாகத்தான் கேட்பார், பாதை அப்படி. அப்புறம் ஹட்டனுக்கு ஒரு பஸ், கண்டிக்கு ஒரு பஸ். நோயாளியோடு துணைக்கு ஒருவர் போயே ஆக வேண்டும். அவருக்கு அன்றைக்குப் பேர், அதாவது அன்றைய வேலையும் சம்பளமும், போய்விடும்.  கிளினிக் நாளில் ஒரு வீட்டுக்கு அந்த நாட்சம்பளம் வராமல் போகிறது, அதோடு கையிலிருந்ததும் போகிறது. ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து இல்லையென்றால் வெளிப் பாமசியில் வாங்கச் சொல்லித் துண்டு தருவார்கள். இரத்தப் பரிசோதனை ஒன்றை, ஸ்கேன் ஒன்றை வெளியில் செய்துகொண்டு வரச் சொல்வார்கள். படுக்கையில் இருப்பவருக்குப் பம்பஸ் வாங்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர் என்றால் வாரத்தில் 2 அல்லது 3 நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போக வேண்டும், உயிரோடு இருக்கும்வரை அல்லது மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை. கூலி வேலை செய்யும் ஒரு வீடு இதை எத்தனை மாதம் தாங்கும்?

1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இருக்கிறதே என்றும் கேட்கலாம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கிய சேவை, பிறகு நாடு முழுவதற்கும் வந்தது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றுகிறது. ஆனால் அது அவசரத்துக்கு உரியது. கிளினிக்குக் கூட்டிப் போக வராது, வார்ட்டிலிருந்து துண்டு வெட்டி, அதாவது சிகிச்சை முடித்து, அனுப்பியவரை வீட்டுக்குக் கொண்டுவந்து விடவும் வராது. வாகனம் ஏற முடியாத லயங்கள் நம் மலைகளில் இன்னும் இருக்கின்றன. அங்கிருந்து கம்பில் கம்பளி கட்டித் தூக்கிக்கொண்டுதான் ரோட்டுக்கு இறங்குகிறார்கள்.

இந்த இடைவெளியைத்தான் உள்ளூர்ச் சங்கங்கள் நிரப்புகின்றன. காசு எங்கிருந்து வருகிறது என்பதைத் தரும் உங்களுக்கே ஒருமுறை சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒருவர் தருவது மற்றவருக்குத் தெரிவதில்லை. டவுன் கடைக்காரர்கள் சிலர் மாதம் ஒரு தொகை தருகிறார்கள். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் சைவர், முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பார்க்காமல் தரும் முதலாளிமார் இருக்கிறார்கள். கொழும்பில் கடையிலும் கட்டட வேலையிலும் நிற்கும் நம் பையன்கள் வாட்ஸ்அப் குழு வைத்துச் சேர்த்து அனுப்புகிறார்கள். பழைய மாணவர் சங்கங்கள் தருகின்றன. ரோட்டரி, லயன்ஸ் கழகங்கள் மூக்குக்கண்ணாடியும் சக்கர நாற்காலியும் தருகின்றன. ஃபெயார்ட்ரேட் என்ற நியாய வணிகச் சான்றிதழ் உள்ள தோட்டங்களில், தேயிலை விற்பனையோடு சேர்ந்து வரும் பிரீமியம் தொகையை என்ன செய்வது என்று தொழிலாளர் தெரிவு செய்த குழு ஒன்று முடிவெடுக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் இரண்டு வருடத் திட்டம், மூன்று வருடத் திட்டம் என்று வருகின்றன.

எல்லாம் நல்ல காசுதான். ஆனால் இதில் பெரும்பங்கு ஒரு நாளுக்கோ ஒரு பொருளுக்கோ வருகிறது. நோய் அப்படி வருவதில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, அதை நம்பி இயங்கிய திட்டங்கள் பல நாடுகளில் ஒரே வாரத்தில் நின்றுபோயின, இங்கேயும் நின்றன. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது நாடே திரண்டு உதவியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையைப் புரட்டிப் போட்டபோதும் லொறி லொறியாக வந்தது. அப்படி வந்த கைகளை நாம் மறக்க மாட்டோம். ஆனால் மண் சரிந்து ஆறு மாதத்துக்குப் பிறகு தூக்கம் வராமல் தவிக்கும் அம்மாவுக்கு, அந்தக் கலவரத்தில் கிளினிக் கொப்பியைத் தொலைத்துவிட்டு மருந்தை நிறுத்திவிட்ட தாத்தாவுக்கு, யார் கணக்கிலும் பணம் இருப்பதில்லை.

மருத்துவ முகாம் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு வானில் டொக்டர்மார் வருகிறார்கள், பாடசாலை மண்டபத்தில் பிரஷர் பார்க்கிறார்கள், சீனி பார்க்கிறார்கள், இரண்டு வாரத்துக்கு மருந்து தருகிறார்கள். மாலையில் பனர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். வருகிறவர்களின் மனம் நல்ல மனம். விடுமுறை நாளை விட்டுவிட்டு வளைந்த பாதையில் வாந்தி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆனால் உங்களுக்குப் பிரஷர் இருக்கிறது என்று முதல் தடவையாகக் கேள்விப்பட்ட ஒரு பெண், இரண்டு வார மருந்து முடிந்த பிறகு எங்கே போவார்? வருத்தம் சுகமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். அப்படி நினைத்தவர்களைப் பிறகு பாரிசவாதத்தோடு நாங்கள் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம்.

முகாம் வைக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வைப்பதற்கு முன் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியிடம் பேசுங்கள். 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் சீனியையும் பிரஷரையும் இலவசமாகப் பரிசோதிக்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களை அரசாங்கமே நடத்துகிறது. முகாமில் கண்டுபிடித்தவர்களின் பட்டியலை அங்கே கொடுங்கள். முகாமுக்குச் சேர்த்த காசில் பாதியை வைத்துக்கொண்டு, அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் அடுத்த ஓராண்டு கிளினிக் போய் வரும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். மண்டபத்துக்கு வருகிறவர்களின் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை.

அடுத்தது ஆள் செலவு. இதில்தான் எங்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் அடிக்கடி மனக்கசப்பு வருகிறது. நாங்கள் தரும் முழுப் பணமும் நோயாளிக்கே போக வேண்டும், சங்கத்தில் யாருக்கும் சம்பளம் கொடுக்கக்கூடாது என்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எங்கள் சங்கத்தில் ஒரு தங்கச்சி இருக்கிறார், உயர்தரம் வரை படித்தவர், சிங்களம் சரளமாகப் பேசுவார். யாருக்கு எந்தத் திகதியில் எந்தக் கிளினிக் என்று அவருடைய கொப்பியில் இருக்கும். முதல் நாள் இரவு எல்லோருக்கும் போன் எடுப்பார். தபால்காரர் லயத்துக்கு வருவதில்லை, கடிதம் தோட்டக் கந்தோரில்தான் கிடக்கும் என்பதால் அங்கேயும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஆஸ்பத்திரியில் சிங்களத்தில் சொன்னதை நோயாளிக்குத் தமிழில் சொல்லி, நோயாளி தயங்கித் தயங்கிச் சொன்னதை டொக்டருக்கு விளங்க வைப்பார். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று வீட்டில் வந்து திரும்பச் சொல்வார். இந்த வேலைக்கு அவருக்கு ஒரு கொடுப்பனவு தருகிறோம். அவர் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நின்றால் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்.

அவர் மூலம் நோயாளிகளுக்கு வந்து சேரும் பணம் நீங்கள் எல்லோரும் சேர்ந்து தருவதைவிடப் பெரியது. ஜனாதிபதி நிதியம் இதய அறுவைச் சிகிச்சைக்கும் சிறுநீரக மாற்றுக்கும் புற்றுநோய்க்கும் உதவி தருகிறது. முன்பு அதற்குக் கொழும்புக்கு அலைய வேண்டும். 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். இது தெரியாமல் காணியில்லாத சனம் கடைசி நகையையும் விற்கிறது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம், அதுதான் ஈ.டி.எஃப்., வேலையில் இருக்கும் உறுப்பினருக்கு இதய அறுவைச் சிகிச்சைக்கும் கண்ணுக்கு வில்லை வைப்பதற்கும் உதவி தருகிறது. அதற்காகத் தோட்டக் கம்பெனி சம்பளத்துக்கு மேல் 3 சதவீதம் கட்டுகிறது. அதை வேலையை விட்டு நிற்கும்போது எடுக்கும் காசு என்று மட்டும்தான் நம் ஆட்கள் நினைக்கிறார்கள். 2023இல் வந்த அஸ்வெசும என்ற அரசாங்க நலன்புரித் திட்டத்தில் சிறுநீரக நோயாளிகளுக்கும் அங்கவீனர்களுக்கும் முதியவர்களுக்கும் தனித்தனிக் கொடுப்பனவு உண்டு. இதற்கெல்லாம் படிவம் வேண்டும், டொக்டர் கையெழுத்து வேண்டும், கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், அடையாள அட்டையில் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு படிவத்துக்குப் பின்னால் அந்தத் தங்கச்சி நடக்கும் நடை உங்களுக்குத் தெரிந்தால், அவருக்குத் தரும் காசை நிர்வாகச் செலவு என்று சொல்ல மனம் வராது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும், நியாயமான கேள்விதான். இதெல்லாம் அரசாங்கமும் கம்பெனியும் செய்ய வேண்டியது அல்லவா, நாம் காசு போட்டால் அவர்கள் கை கழுவிவிட மாட்டார்களா என்று. எனக்கும் அந்தப் பயம் உண்டு. நம்முடைய சுகாதாரம் தொடக்கத்திலிருந்தே நாட்டின் பொதுச் சுகாதாரத்துக்கு வெளியே வைக்கப்பட்டது. 1912இல் வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்து வைத்தியத்தைத் தோட்ட உரிமையாளரின் பொறுப்பாக்கியது. டிஸ்பென்சரி, வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பரா எல்லாம் அப்படித்தான் வந்தன. 1948இல் பிரஜாவுரிமை போனது. 1970களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992இல் நிர்வாகத்தைக் கம்பெனிகளிடம் கொடுத்தது. கம்பெனி, அரசாங்கம், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்த நம்பிக்கை நிதியம் ஒன்றும் அப்போதுதான் தோட்டத்து வீட்டையும் சுகாதாரத்தையும் பார்க்க வந்தது. தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்பது 1990களில் தொடங்கியும் முழுமையாகவில்லை. பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் வந்து வேலை செய்வதற்கிருந்த தடையைச் சட்டத்திலிருந்து எடுக்கவே 2018 வரை சென்றது. இன்றைக்கும் ஒரு தோட்டத்து ரோடு உடைந்தால் அது யாருடைய ரோடு என்ற கேள்வியிலேயே மாதம் போய்விடும், அதற்குள் மழை வந்துவிடும்.

அதனால் நாங்கள் காசு செலவழிக்கும் இடத்தைப் பார்த்துத்தான் தெரிவு செய்கிறோம். அரசாங்கம் தர வேண்டிய மாத்திரையை நாங்கள் வாங்கி வைத்து விநியோகிப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குக் கட்டில் வாங்கிக் கொடுப்பதை இரண்டாவதாகத்தான் வைத்திருக்கிறோம். உரிமையாகக் கிடைக்க வேண்டியதைப் போய் வாங்குவதற்கு ஆகும் செலவைத்தான் முதலில் தருகிறோம். மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பினால் அதை எழுதி வைத்துப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைக்கு அனுப்புகிறோம். ஒரு தோட்டத்தில் பல மாதமாகக் குடும்பநல உத்தியோகத்தர் இல்லையென்றால் அதையும் எழுதுகிறோம். சங்கத்தில் ஒருவர் தொடர்ந்து வேலை செய்தால்தான் இதையெல்லாம் எழுத முடியும்.

இனி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கிறேன்.

கோயில் பரிபாலன சபைப் பெரியவர்களே, முதலில் உங்களிடம். ஒரு தோட்டத்தில் உங்களைவிட ஒழுங்காகக் காசு சேர்க்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. செக்ரோலில், அதாவது சம்பளத்தில், பிடிக்கும் காசு, திருவிழா வரி, உபயம், கொழும்புப் பிள்ளைகள் அனுப்புவது என்று எல்லாம் உங்கள் கைக்கு வருகிறது. தேரும் கரகமும் பறவைக் காவடியும் நம் சனத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும், நானும் பால்குடம் எடுப்பவள்தான். ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் இசைக்குழுவுக்கும் போகும் தொகை வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே வருவதை நீங்களும் பார்க்கிறீர்கள். அதை ஓர் இடத்தில் நிறுத்தி, திருவிழா வரவில் பத்தில் ஒரு பங்கை நோயாளி நிதி என்று அம்மன் பெயரிலேயே ஒதுக்குங்கள். அன்னதானத்தை நாம் செலவு என்று எண்ணுவதில்லை. கண்டி வார்ட்டில் பசியோடு துணைக்கு நிற்கும் ஒரு மகனுக்குச் சாப்பாட்டுக் காசு தருவதும் அன்னதானம்தான். நகரத்துப் பள்ளிவாசல்களில் இருந்து ஸக்காத் பணத்தில் எங்கள் நோயாளிகளுக்கு உதவி வந்திருக்கிறது, சேர்ச்களில் இருந்தும் வந்திருக்கிறது; அவர்களுக்கு நன்றி.

மரண உதவிச் சங்கத்தாரே, மரண நிதியில் கைவைக்கச் சொல்லவில்லை. அது அப்படியே இருக்க வேண்டும், அதில் கை வைத்தால் சனம் நம்பிக்கை இழந்துவிடும். தனிப் புத்தகம், தனிக் கணக்கு. 300 குடும்பம் உள்ள ஒரு தோட்டத்தில் குடும்பத்துக்கு மாதம் 50 ரூபா என்றால் மாதம் 15,000 ரூபா சேரும். ஒரு சிறுநீரக நோயாளியின் பஸ் காசையும் இரண்டு மூன்று பேரின் கண்டிப் பயணத்தையும் அது பார்த்துக்கொள்ளும். யாருக்குக் கொடுப்பது என்பதை மூன்று பேர் முடிவெடுக்கட்டும், அதில் ஒருவராவது மாதர் சங்கத்துப் பெண்ணாக இருக்கட்டும். எந்த வீட்டில் யார் சாப்பிடாமல் கிடக்கிறார்கள் என்பது பெண்களுக்குத்தான் முதலில் தெரியும். எந்தத் தொழிற்சங்கம் என்று பார்த்துக் கொடுக்கும் பழக்கம் இந்த நிதிக்குள் வரவே கூடாது. ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று எல்லை ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் முதலில் வந்த வீட்டோடு நிதி முடிந்துவிடும். மாதக் கடைசியில் வரவு செலவை டிஸ்பென்சரிச் சுவரிலோ கோயில் மண்டபத்திலோ ஒட்டுங்கள். நோயாளியின் பெயரைப் போட வேண்டாம், நோயையும் போட வேண்டாம், தொகை போதும்.

பதிவில்லாத சங்கங்கள் பிரதேச செயலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டப்படி தன்னார்வ சமூக சேவை அமைப்பாகப் பதியலாம். யாப்பு, உறுப்பினர் பட்டியல், கூட்டக் குறிப்பு எல்லாம் கேட்பார்கள். சிரமம்தான், ஆனால் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க அது உதவும். ஒருவரின் சொந்தக் கணக்கில் பொதுக் காசு கிடந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஒருநாள் பேச்சு வரும்.

வர்த்தகர்களே, நீங்கள் தரும் நன்கொடைக்கு வரிச் சலுகை கிடைக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். 2017ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் அங்கீகாரம் பெற்ற தர்ம நிறுவனங்களுக்குத் தருவதற்குச் சலுகை உண்டு, ஆனால் அந்த அங்கீகாரம் நோயாளிகளையும் வறியவர்களையும் ஓர் இடத்தில் வைத்துப் பராமரிக்கும் நிறுவனங்களுக்கு உரியது. பஸ் காசு தரும் சங்கம் அதற்குள் அடங்காது. இதை மாற்றச் சொல்லி உங்கள் சங்கங்கள் நிதி அமைச்சுக்கு எழுதினால் எங்கள் குரலைவிட அது எடுபடும். அதுவரை, தீபாவளிக்கு மொத்தமாகத் தருவதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதா மாதம் தாருங்கள். தொகை அதேதான், எங்களுக்கு அது இரண்டு மடங்காகப் பயன்படும்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன், அக்காமாரே, பார்சலில் மருந்து அனுப்ப வேண்டாம். 2022இல் நாட்டில் மருந்தே இல்லாதபோது நீங்கள் அனுப்பியது வேறு விஷயம். சுகாதார அமைச்சின் அனுமதியும் மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் விதிகளும் இருக்கின்றன. சுங்கத்தில் கிடந்து காலாவதியாகும் மருந்தால் யாருக்கும் பயனில்லை. மாதம் ஒரு சிறிய தொகை வங்கியில் தானாகவே கழியும்படி போட்டுவிடுங்கள். அடுத்த ஆவணியில் எவ்வளவு கையில் இருக்கும் என்று தெரிந்தால்தான் ஒரு நோயாளிக்கு, நீங்கள் பயப்படாமல் சிகிச்சையைத் தொடங்குங்கள், போய் வரும் செலவு எங்கள் பொறுப்பு என்று நாங்கள் சொல்ல முடியும். அந்தச் சொல்லைக் கேட்காமல் சிகிச்சையே தொடங்காதவர்கள் இருக்கிறார்கள்.

உதவி வாங்குகிறவரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். அரிசிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நிற்கும் அந்தப் பாட்டி நாற்பது வருடம் கொழுந்து எடுத்து இந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடிக் கொடுத்தவர். ரசீது அனுப்புகிறோம், கணக்கு அனுப்புகிறோம், நேரில் வந்தால் புத்தகத்தைக் காட்டுகிறோம்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பிள்ளைகளில் அது 31.7 சதவீதம். பிள்ளைக் காம்பராவில் காலையில் ஒரு முட்டை, கீரை, பயறு என்று ஏதாவது ஒன்று நாளும் தவறாமல் கிடைத்தால் அந்த வித்தியாசம் குறையும். பிறந்தநாளைக்குக் கேக் கொண்டுவந்து பிள்ளைகளோடு கொண்டாட விரும்புகிறவர்கள், அந்தக் காசில் ஒரு மாதத்துக்கு முட்டை வாங்கித் தாருங்கள். காம்பரா நடத்துகிற அம்மாவிடம் கேட்டால் எத்தனை பிள்ளை, எந்தக் கடையில் வாங்கலாம் என்று சொல்வார்.

முதியவர்கள் நிலை இன்னும் மோசம். மகன் கொழும்பில், மருமகள் குவைத்தில், பேரப்பிள்ளை பாட்டியிடம். பாட்டி விழுந்துவிட்டால் அந்த வீடே விழுந்துவிடும். அவருக்கு வாரம் ஒரு தடவை யாராவது வந்து பார்ப்பதும், புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், பேச்சுத் துணையாக இருப்பதும் பெரிய செலவில்லை. அதற்கு இரண்டு பெண்களுக்குப் பயிற்சியும் சிறு கொடுப்பனவும் தந்தால் ஒரு டிவிஷன் முழுவதையும் பார்த்துவிடுவார்கள். இதற்கு இதுவரை ஒருவரும் நிதி தந்ததில்லை. நாங்கள் கேட்ட இடங்களில் எல்லாம், இதைத் திறந்து வைக்க ஒன்றும் இல்லையே என்ற மாதிரித்தான் பதில் வந்தது.

திருவிழாக் கணக்குப் பார்க்கும் கூட்டங்களும் மரண உதவிச் சங்கங்களின் வருடாந்தப் பொதுக் கூட்டங்களும் வரும்போது இந்த மடலை அங்கே வாசியுங்கள். நோயாளி நிதி என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்து, எவ்வளவு, யார் பொறுப்பு, எந்த மாதத்திலிருந்து என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதி, பக்கத்திலுள்ள நலன்புரிச் சங்கத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். தொகை சிறிதாக இருந்தாலும் சரி, ஓர் ஆண்டுக்கு நிச்சயமாக வரும் என்று எழுதித் தாருங்கள். முடியாது என்று முடிவெடுத்தாலும் அதைச் சொல்லிவிடுங்கள். அடுத்த கிளினிக் மாதத்துக்கு யாரை அனுப்ப முடியும், யாரிடம் பொறுத்திருக்கச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
தோட்டத்து நலன்புரிச் சங்கம் ஒன்றின் பொருளாளர்,
பொகவந்தலாவை